மாணவர் மருத்துவ ஆய்வு: ப்ரபோசல் முதல் சுருக்கம் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படிக்கும்போதே ஒரு சின்ன ஆய்வைச் சொந்தமாகச் செய்து பார்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979 முதல் ‘ஷார்ட் டெர்ம் ஸ்டூடன்ட்ஷிப்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. மாணவர்கள் அதை எஸ்.டி.எஸ். என்பார்கள். ஆய்வுக்கு இரண்டு மாதம். முதலில் ப்ரபோசல் (ஆய்வுத் திட்டம்), தேர்வானால் ஆய்வு, கடைசியில் ரிப்போர்ட். ரிப்போர்ட் ஏற்கப்பட்ட பிறகுதான் உதவித்தொகை, சான்றிதழ் எல்லாம். கீழே இருப்பவை அதை மனதில் வைத்து எழுதியவை. கல்லூரி அளவில் செய்யும் ஆய்வுக்கும், நர்சிங், பிசியோதெரபி மாணவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எடுத்துக்காட்டு முழுக்க ஒன்றுதான்: ஒரு ஆரம்ப சுகாதார நிலையப் பகுதியில் பிரஷர் மாத்திரை வாங்குபவர்கள் அதை விடாமல் சாப்பிடுகிறார்களா? அந்த ஆய்வின் முடிவாகக் கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை.

தலைப்பை எப்படிப் பிடிப்பது?

வார்டில், ஓ.பி.யில், ஃபீல்டு விசிட்டில் ‘இது ஏன் இப்படி இருக்கு?’ என்று தோன்றிய இடத்தில் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வீடு வரை வந்துவிட்டது; வாய் வரை போகிறதா? இப்படி ஒரு சந்தேகம் வந்தாலே ஆய்வுக்கு விதை கிடைத்துவிட்டது.

அப்புறம் அதைக் குறுக்க வேண்டும். யாரிடம், எங்கே, எதை, எந்தக் கால அளவில் அளக்கப்போகிறீர்கள் என்ற நான்கும் ஒரே வாக்கியத்துக்குள் வரவேண்டும். ‘உயர் ரத்த அழுத்த நோயாளிகளின் மருந்துப் பழக்கம்: ஓர் ஆய்வு’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. ‘இந்த சுகாதார நிலையத்தில் பதிவு செய்து குறைந்தது ஆறு மாதமாக மருந்து வாங்கும், 30 வயதுக்கு மேற்பட்டவர்களில், கடந்த ஏழு நாளில் ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை சாப்பிட்டவர்கள் எத்தனை சதவீதம்?’ என்று எழுதிவிட்டால் பாதி ப்ரபோசல் முடிந்தது. நீளமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். இது உங்களுக்கான கேள்வி. அழகான தலைப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கைடு சொன்ன தலைப்பையே எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்: இரண்டு மாதத்தில் இத்தனை நோயாளிகள் கிடைப்பார்களா, தேவையான கருவியும் டெஸ்ட் கிட்டும் கைவசம் இருக்கின்றனவா, இதில் எந்த வேலை என்னுடையது? ஓ.பி.க்கு மாதம் இரண்டு பேர் வரும் அபூர்வ நோயை வைத்து எஸ்.டி.எஸ். செய்ய முடியாது. முதுநிலை மாணவர் ஒருவரின் தீசிஸிலிருந்து ஒரு துண்டை வெட்டி உங்கள் கையில் கொடுப்பதும் உண்டு. அதில் நீங்கள் கற்றுக்கொள்ளப்போவது எக்ஸெல்லில் எண் அடிப்பது மட்டும்தான்.

ப்ரபோசலில் முதலில் எதை எழுதுவது?

கடைசிப் பக்கத்தை. அதாவது, ஆய்வு முடிந்ததும் நீங்கள் எழுதப்போகும் சுருக்கத்தை, எண்கள் வரும் இடங்களில் கோடு போட்டு இப்போதே எழுதிவிடுங்கள்.

‘அணுகிய ____ பேரில் ____ பேர் கலந்துகொண்டனர். ____ பேர் கடந்த ஏழு நாளில் மாத்திரையை விடவில்லை. விட்டவர்கள் அதிகம் சொன்ன காரணம் ____. தனியாக வசிப்பவர்களில் விட்டவர்கள் ____ சதவீதம், குடும்பத்துடன் வசிப்பவர்களில் ____ சதவீதம்.’

இதோடு காலி அட்டவணைகள் இரண்டு மூன்று வரைந்து கைடிடம் காட்டுங்கள். இதில் எந்தக் கட்டத்தையும் நிரப்பாத கேள்வி உங்கள் கேள்வித்தாளில் இருந்தால் அதை எடுத்துவிடலாம். ஏதாவது ஒரு கட்டத்தை நிரப்பக் கேள்வியே இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளலாம். கேள்வித்தாள் எட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாகக் குறைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திட்டமிடுவதும் சுருக்கம் எழுதுவதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள் என்பது என் கட்சி. ரிப்போர்ட் எழுத உட்காரும்போது திணறுபவர்களில் பலருக்குச் சிக்கல் எழுத்தில் இருப்பதில்லை. எதைச் சொல்லப்போகிறோம் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யாததில் இருக்கிறது.

நோக்கங்கள் எத்தனை இருக்கலாம்?

முதன்மை நோக்கம் ஒன்று, துணை நோக்கம் ஒன்றோ இரண்டோ. ஆறு நோக்கம் எழுதினால் தேர்வுக் குழு அசந்துபோகும் என்று நினைக்காதீர்கள். இரண்டு மாதத்தில் இவரால் முடிக்க முடியாது என்றுதான் நினைக்கும்.

பழைய ஆய்வுகளை எவ்வளவு படிக்க வேண்டும்?

பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடி, உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான பத்துப் பதினைந்து கட்டுரைகளை முழுதாகப் படித்தால் போதும். அப்ஸ்ட்ராக்டை (சுருக்கத்தை) மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவர்களுக்கு வந்த சதவீதம், அளந்த கருவி, ‘இருக்கிறது, இல்லை’ என்று பிரித்த வரையறை.

வரையறை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ரத்தசோகையைப் பாருங்கள். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அது விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் பார்த்தது. உங்கள் கல்லூரி லேபில் நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை ஆட்டோ அனலைசரில் போட்டுப் பார்த்துவிட்டு, ‘எங்கள் பகுதியில் ரத்தசோகை மாநில அளவைவிடக் குறைவு’ என்று எழுதினால், முதல் கேள்வியே அளந்த முறையைப் பற்றித்தான் வரும்.

சாம்பிள் சைஸ் கணக்கு புரியவே இல்லை. எளிமையாகச் சொல்ல முடியுமா?

ஒரு சதவீதத்தைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் கணக்கு சுலபம். எதிர்பார்க்கும் சதவீதத்தை, நூறிலிருந்து அதைக் கழித்தால் வருவதால் பெருக்குங்கள். அதை நான்கால் பெருக்கி, எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வீர்களோ அதன் வர்க்கத்தால் வகுங்கள். நான்கு எங்கிருந்து வந்தது? 95 சதவீத உறுதிக்கான 1.96இன் வர்க்கம் 3.84, அதைத்தான் நான்கு என்று வைத்துக்கொள்கிறோம்.

முந்தைய ஆய்வுகளில் பாதிப் பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதப் புள்ளி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்றால், 50 × 50 × 4 = 10,000; அதை 100ஆல் வகுத்தால் 100 பேர். ஐந்து புள்ளிதான் பொறுப்பேன் என்றால் அதே கணக்கு 400 பேரில் போய் நிற்கும். பிழையைப் பாதியாக்கினால் ஆள் நான்கு மடங்கு. தனியாளாக இரண்டு மாதத்தில் 400 வீடு ஏறுவது நடக்கிற காரியமில்லை. அதனால் பத்து புள்ளியை எடுத்துக்கொண்டு, ஏன் எடுத்தீர்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால், 100ஐ 0.9ஆல் வகுத்து 111 பேரை அணுக வேண்டும்.

இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்குச் சூத்திரமே வேறு. அதற்குப் புள்ளியியல் தெரிந்தவரிடம் ப்ரபோசல் அனுப்பும் முன்பே போங்கள். டேட்டா எடுத்து முடித்த பிறகு போனால் அவரால் அனுதாபப்பட மட்டுமே முடியும்.

சுகாதார நிலையத்துக்கு வருபவர்களிடமே கேட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும், ஆனால் பதில் தப்பாக வரும். மாத்திரை வாங்க மாதாமாதம் தவறாமல் வருகிறவர் யார்? ஓரளவு ஒழுங்காகச் சாப்பிடுகிறவர். சாப்பிடாமல் விட்டவர் வரிசையில் நிற்கவே மாட்டார். கிளினிக்கில் உட்கார்ந்து கேட்டால் உங்கள் சதவீதம் உண்மையைவிட உயர்வாகத்தான் வரும்.

சரியான வழி, தொற்றா நோய்ப் பதிவேட்டில் இருக்கும் எல்லாப் பெயர்களுக்கும் எண் கொடுத்து, ரேண்டம் எண்களை வைத்து 111 பேரைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குப் போவது. அங்குள்ள சுகாதாரத் தன்னார்வலருக்குத் தெரு, வீடு எல்லாம் அத்துப்படி, வழிகாட்டச் சொல்லுங்கள். ஆனால் கேள்வி கேட்கும்போது அவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. மாத்திரை கொண்டுவந்து கொடுத்தவர் முன்னால் ‘சாப்பிடலை’ என்று யார் சொல்வார்கள்?

பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரரைச் சேர்ப்பது வேண்டாம். பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்களின் வீடு. ஞாயிற்றுக்கிழமையோ சாயங்காலமோ திரும்பப் போங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தும் கிடைக்காவிட்டால் ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நேரமே இல்லை, கிளினிக்கில்தான் செய்ய முடியும் என்ற நிலையா? செய்யுங்கள். ஆனால் அதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வித்தாளை நானே தயாரிக்கலாமா?

சோதிக்கப்பட்ட கருவி இருந்தால் அதை எடுப்பது நல்லது. ஆனால் எடுக்கும் முன் அனுமதி பற்றிப் பாருங்கள். மருந்துப் பழக்கம் என்றதும் எல்லோரும் ஓடுவது எட்டுக் கேள்வி கொண்ட மோரிஸ்கி அளவுகோலுக்கு. அதற்கு உரிமம் வாங்க வேண்டும், கட்டணமும் உண்டு. உரிமம் இல்லாமல் பயன்படுத்திய ஆய்வாளர்களிடம் பெரிய தொகை கேட்கப்பட்டு, வெளியான கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டிய நிலைகூட வந்திருக்கிறது. சீனியர் பயன்படுத்தினார் என்பது உங்களைக் காப்பாற்றாது. பொருளாதார நிலைக்கான குப்புசாமி அளவுகோலில் வேறு சங்கதி. 1976இல் நகரக் குடும்பங்களுக்காக உருவானது அது. வருமான வரம்புகளை விலைவாசிக் குறியீட்டுக்கேற்பப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். பழைய வரம்பைப் போட்டால் எல்லோரும் வசதியானவர்களாகத் தெரிவார்கள். கிராமத்தில் செய்தால் பி.ஜி. பிரசாத் அளவுகோலைப் பாருங்கள்.

எந்தக் கருவியானாலும் கேட்கும் விதம் முக்கியம். ‘மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?’ என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் கேட்டால், பதில் ‘ஆமாங்க டாக்டர்’தான். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘வேலை அவசரத்துல நிறைய பேருக்கு மாத்திரை விட்டுப்போயிடுது. உங்களுக்கு போன ஒரு வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?’ விட்டுப்போவது சகஜம் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் பதில் இறங்கி வரும். கோட்டையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். முடிந்தால் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பாருங்கள்.

ஆய்வில் சேராத பத்துப் பேரிடம் முதலில் கேட்டுப் பார்த்துவிடுங்கள். எந்த இடத்தில் புருவம் சுருங்குகிறது என்று தெரிந்துவிடும்.

கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதாதா?

யாருக்குப் போனது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே பதில் சொன்னவர்கள் யாருக்குப் பிரதிநிதிகள் என்பதும் தெரியாது. கல்லூரி மாணவர்களைப் பற்றிய ஆய்வில், வகுப்புப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துத் தனித்தனியாக அனுப்பினால் அது வேறு.

எத்திக்ஸ் கமிட்டிக்கு எப்போது போக வேண்டும்? வெறும் கேள்விதானே கேட்கிறோம்?

வெறும் கேள்வியானாலும், பங்கேற்பவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் இந்தக் குழுவிடம் போக வேண்டும். அதுவும் முதல் ஆளிடம் முதல் கேள்வி கேட்பதற்கு முன்னால். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளின்படி மூன்று வழிகள் இருக்கின்றன: மதிப்பாய்விலிருந்து விலக்கு, விரைவு மதிப்பாய்வு, முழுக் குழு மதிப்பாய்வு. உங்கள் ஆய்வு எதில் வரும் என்பதைக் கமிட்டிதான் முடிவு செய்யும், நீங்களோ கைடோ முடிவு செய்ய முடியாது. கமிட்டி தினமும் கூடுவதில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுழைய மாவட்ட சுகாதார அலுவலகத்தின் அனுமதியும் தனியாக வேண்டும்.

ஒப்புதல் படிவம் தமிழில், பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ‘பங்கேற்பாளராகிய நான் மேற்குறிப்பிட்ட ஆய்வின் தன்மையினை’ என்று தொடங்கும் படிவத்தில் கையெழுத்துக் கிடைக்கும், ஒப்புதல் கிடைக்காது. பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும்: 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில். உங்கள் ஜூனியர்களிடம் ஆய்வு செய்வதானால் இன்னும் கவனம் தேவை. சீனியர் கேட்டால் ஜூனியரால் மறுக்க முடியுமா? படிவங்களை நீங்கள் நேரில் வாங்காமல் ஒரு பெட்டியில் போடச் சொல்வது ஒரு வழி.

ஒருவருக்கு பிரஷர் பார்த்தபோது 190/120 வந்துவிட்டது. குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாமா?

கூடாது. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். குறையாவிட்டால் அவரை எங்கே, யாரிடம், எவ்வளவு சீக்கிரம் அனுப்புவது என்பது ப்ரபோசலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கை கால் பலவீனம் ஏதாவது இருந்தால் உடனே 108.

மனநல ஆய்வுகளில் இது இன்னும் கூர்மையாக வரும். மாணவர்களிடம் அதிகம் பயன்படும், மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வியே இறந்துவிடலாம் என்ற எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பதுதான். பெயரில்லாமல் ஆன்லைனில் வாங்கிவிட்டு, ஒருவர் ‘ஏறக்குறைய தினமும்’ என்று குறித்திருப்பதை மூன்று வாரம் கழித்து எக்ஸெல்லில் பார்த்தால் என்ன செய்வீர்கள்? அவரைத் தேடவே முடியாது. அதனால் படிவங்களை அன்றன்றே பார்ப்பது யார், மனநல மருத்துவரிடம் அழைத்துப்போவது யார், பெயர் விவரம் யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் முடிவாகாமல் இந்தத் தலைப்பை எடுக்காதீர்கள். கல்லூரிகளில் இந்தக் கருவி ரொம்பச் சுலபமாகக் கையில் எடுக்கப்படுகிறது என்பது என் வருத்தம்.

இரண்டு மாதத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் வாரம் ஒத்திகை, நான்கு வாரம் டேட்டா, இரண்டு வாரம் அலசல், மீதி எழுத்து. இன்டர்னல் தேர்வு எப்போது என்று முதலில் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.

டேட்டாவை எக்ஸெல்லில் எப்படி ஏற்றுவது?

ஒரு ஆளுக்குப் படுக்கையாக ஒரு வரிசை, ஒரு கேள்விக்கு நெடுக்காக ஒரு பத்தி. பெயர், போன் நம்பர் இந்தக் கோப்பில் வரவே கூடாது; அடையாள எண் மட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தனியாகப் பூட்டில் இருக்கட்டும். வயதைக் குழுவாக ஏற்றாமல் வயதாகவே ஏற்றுங்கள், குழுவைப் பிறகு பிரிக்கலாம். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். பதில் இல்லாத இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள். ‘ஒரு நாளும் விடவில்லை’ என்பதற்கும் அதே பூஜ்யம்தானே? அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே ஏற்றினால், விட்டுப்போனதை மறுநாளே போய்க் கேட்டுவிடலாம். அலசுவதற்கு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எபி இன்ஃபோ மென்பொருள் இலவசம், ஜமோவியும் இலவசம். திருட்டு எஸ்.பி.எஸ்.எஸ். வேண்டாம்.

பி மதிப்பு 0.05க்குக் கீழே வரவில்லை. ஆய்வு தோல்வியா?

இல்லை. பி மதிப்பு என்பது, உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு. உங்கள் முதன்மை நோக்கம் ஒரு சதவீதத்தைக் கண்டுபிடிப்பது; அது கிடைத்துவிட்டது. 0.05க்குக் கீழே ஏதாவது வரும்வரை வயது, பாலினம், படிப்பு, வருமானம், மதம் என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பதுதான் தோல்வி. தொடர்பே இல்லாத இருபது விஷயங்களைச் சோதித்தால், சராசரியாக ஒன்று தற்செயலாகவே 0.05க்குக் கீழே வரும். காலி அட்டவணையில் எதை ஒப்பிடுவதாக எழுதினீர்களோ, அதோடு நிறுத்துங்கள்.

சுருக்கம் எழுதுவது எப்படி?

ஆரம்பத்தில் கோடு போட்டு வைத்ததை எடுத்து நிரப்புங்கள். வழக்கமான அளவு 250 சொற்கள். பின்னணி, முறை, முடிவுகள், தீர்மானம் என்ற நான்கு பகுதிகள். பின்னணிக்கு இரண்டு வாக்கியம் போதும். ‘உயர் ரத்த அழுத்தம் உலகெங்கும் பெரும் சவாலாக’ என்று தொடங்கினால் படிப்பவர் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். முறையில் ஆய்வின் வகை, இடம், காலம், ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம், அளந்த விதம்.

அதிக இடம் முடிவுகளுக்குத்தான். பலர் எழுதுவது இப்படி: ‘பெரும்பாலானோர் மாத்திரையை முறையாக எடுத்துக்கொண்டனர். பல காரணிகள் இதனுடன் தொடர்புடையவையாகக் காணப்பட்டன.’ எத்தனை பேர், எந்தக் காரணி? இதையே இப்படி எழுதலாம்: ‘அணுகிய 111 பேரில் 104 பேர் கலந்துகொண்டனர். 62 பேர் (59.6 சதவீதம், 95 சதவீத நம்பக இடைவெளி 50.2 முதல் 69.0 வரை) கடந்த ஏழு நாளில் மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. விட்ட 42 பேரில் 19 பேர் சொன்ன காரணம், உடம்புக்கு ஒன்றும் தெரியாததால் தேவையில்லை என்று நினைத்தது. தனியாக வசிக்கும் 18 பேரில் 12 பேர் விட்டிருந்தனர்.’

நம்பக இடைவெளி என்றால், ஆள் தேர்வில் வரும் தற்செயல் பிழையையும் கணக்கில் எடுத்தால் உண்மையான சதவீதம் இருக்கக்கூடிய வரம்பு. கடைசி வாக்கியத்தில் சதவீதமே இல்லை, கவனித்தீர்களா? பதினெட்டுப் பேரை வைத்து ‘66.67 சதவீதம்’ என்று எழுதினால், இல்லாத துல்லியம் இருப்பதுபோல் தெரியும். ஆட்கள் குறைவான இடத்தில் எண்ணிக்கையே போதும்.

தீர்மானத்தில் தேய்ந்துபோன வரி ஒன்று உண்டு: ‘மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்.’ எந்த ஆய்வின் கீழும் ஒட்டிவிடலாம், அதனால்தான் அது எதுவும் சொல்வதில்லை. உங்கள் டேட்டா எதைத் தாங்குமோ அதைச் சொல்லுங்கள்: ‘மாத்திரை வீட்டுக்கு வந்தும் ஐந்தில் இருவர் விடுகின்றனர். அறிகுறி இல்லாவிட்டாலும் மாத்திரை ஏன் தேவை என்பதை மருந்து கொடுக்கும்போதே தன்னார்வலர் சொல்வது பயன்தருமா என்று சோதிக்கலாம்.’ ‘தனியாக வசிப்பதால் விடுகிறார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். ஒரே நேரத்தில் எடுத்த குறுக்குவெட்டு ஆய்வில் எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சாட்ஜிபிடியிடம் எழுதச் சொல்லலாமா?

மொழியைச் சீர்செய்ய உதவும். பயன்படுத்தினால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அதை ஆசிரியராகப் போடக் கூடாது என்பது மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் விதி. மேற்கோள் கேட்டால் இல்லாத கட்டுரைகளையும் கூசாமல் கொடுக்கும். ஒவ்வொன்றையும் பப்மெட்டில் பார்த்துவிடுங்கள்.

இதழில் வெளியிடும்போது என் பெயர் முதலில் வருமா?

கேள்வி உங்களுடையது, டேட்டா எடுத்தது நீங்கள், முதல் வரைவு எழுதியதும் நீங்கள் என்றால் வரவேண்டும். டேட்டா எடுக்கத் தொடங்கும் முன்பே கைடிடம் இதைப் பேசி, ஒரு மின்னஞ்சலில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், ‘சார், ஆத்தர் ஆர்டர் எப்படிப் போடலாம்?’ என்று பொதுவாகவே கேளுங்கள். துறைத் தலைவர் என்ற ஒரே காரணத்துக்காக யார் பெயரையும் சேர்ப்பது அதே இதழாசிரியர்கள் குழுவின் விதிகளுக்கு எதிரானது. நடைமுறையில் நடக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ‘ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு’ என்று வரும் மின்னஞ்சல்களுக்குப் பதிலே போடாதீர்கள்.

ஆய்வு செய்த சுகாதார நிலையத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா?

ஐ.சி.எம்.ஆருக்கு அனுப்பும் ரிப்போர்ட் அவர்களுக்குப் பயன்படாது. தமிழில் ஒரு பக்கம் எழுதி மருத்துவ அலுவலரிடமும் தன்னார்வலர்களிடமும் கொடுங்கள்: எத்தனை பேர் விடுகிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள். யார் விடுகிறார் என்ற பெயர்ப் பட்டியலை அவர்கள் கேட்டாலும் கொடுக்க முடியாது, ஒப்புதல் படிவத்தில் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.